தானா சாத்திக்கிற கதவு



மஞ்சள் விலை, மக்காச்சோளப் படைப்புழு, போர்வெல் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று கதவைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். காரணம் இருக்குதுங்க.

போன ஐப்பசியில் சின்னவளுக்கு டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரி. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன ரெண்டு ராத்திரியும் நானும் வீட்டம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பிள்ளை தேறி வந்தாள். வந்த மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டு முன்வாசலுக்கும் பொடக்காளிக்கும் கொசுவலைக் கதவு போட்டேன். டெங்குக் கொசு பகலில் கடிக்கிற கொசு. ராத்திரி வலை கட்டிப் படுத்தால் மட்டும் போதாது, பகலெல்லாம் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

ஆனால் யார் சாத்துகிறார்கள்? தோட்டத்து வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை உள்ளே வெளியே போகிறோம் என்று கதவு போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ரெண்டு கையிலும் தீவனக் கூடையோடு போகிறவன் கதவை எதால் சாத்துவான்? அம்மா மோர்ச் சொம்போடு போவார், அப்படியே விட்டுவிடுவார். பிள்ளைகளைச் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் ஆனால் வீட்டில் ஒரே விசாரணைக் கமிஷன்: "திறந்து போட்டது யாரு?" யாரும் இல்லை. கதவு தானாகத் திறந்துகொண்டதாம்.

சரி, தானாகத் திறக்கிற கதவு தானாகவே சாத்திக்கொள்ளட்டும் என்று டவுனுக்குப் போய், கடையில் இருந்ததிலேயே நல்ல முறுக்கான ஸ்பிரிங்காக வாங்கி வந்து மாட்டினேன். ஆளு உள்ளே போனதும் 'படார்' என்று அடிக்கும். கட்டுத்தரையில் கன்றுக்குட்டி துள்ளும். ஆனாலும் ஒரு மாசம் நிம்மதி. விசாரணைக் கமிஷனைக் கலைத்தாயிற்று.

பொங்கலுக்குத் தங்கச்சி வந்தாள். அவள் பையனுக்கு நாலு வயசு. "மாமா, மாமா" என்று என் பின்னாலேயே வந்தவன் கீல் பக்கத்து இடுக்கில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். நான் பார்க்கவில்லை. கதவை விட்டுவிட்டு உள்ளே போனேன். மோதிர விரலில் நகம் பெயர்ந்து, மூணு தையல். தங்கச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்னைக்கே ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம், கதவு தானாகச் சாத்திக்கொள்ள மனுசன் என்னென்ன செய்திருக்கிறான் என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பாதி நம்ம தோட்டத்துக் கதையாகவே இருந்தது.

எங்க அப்பாரு காலத்தில் கொறங்காட்டுக்கு மூங்கில் படல்தான். அந்தப் படலைக் கட்டுகிற கம்பத்தை அப்பாரு நேராக நட மாட்டார். துளி சாய்த்து நடுவார். சின்ன வயசில் எனக்கு அது வேலை சுத்தமில்லாத மாதிரித் தெரியும். கம்பம் சாய்ந்திருந்தால் படலைத் திறக்கத் திறக்க அதன் நுனி கொஞ்சம் மேலே ஏறும். கையை விட்டால் தன் எடையிலேயே இறங்கி வந்து பழைய இடத்தில் நிற்கும். கொண்டி மாட்ட மறந்தாலும் மாடு சட்டென்று வெளியே போகாது. பழைய குடுமிக் கதவிலும் இதே சூட்சுமம்தான். மேல் குழியும் கீழ்க் குழியும் தூக்குக்குண்டு விட்டால் நேராக வராமல் இம்மியளவு தள்ளி இருந்தால் கதவு தானே சாத்தும், இல்லையென்றால் தானே திறக்கும். ஆசாரி வேண்டுமென்றே செய்தால் சூட்சுமம், தெரியாமல் செய்தால் கோணல்.

அதே கணக்கைப் பிறகு கீலிலேயே வைத்துவிட்டார்கள். கீலின் ரெண்டு பாகமும் சேருகிற இடம் தட்டையாக இல்லாமல் திருகாணி மாதிரிச் சரிவாக இருக்கும். திறக்கும்போது கதவு அரை அங்குலம் போல மேலே ஏறும். விட்டால் சறுக்கி இறங்கும். ஸ்பிரிங்கும் கிடையாது, எண்ணெயும் கிடையாது.

அமெரிக்காவில் வர்ஜீனியாப் பக்கம் வில்லியம்ஸ்பர்க் என்று ஓர் ஊர். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரன் ஆண்டபோது அதுதான் அந்தப் பகுதிக்குத் தலைநகரம். இப்போது அந்த ஊரைப் பழைய காலத்து மாதிரியே எடுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே வீட்டுத் தோட்டத்து மரக் கேட்டுகளில் ஒரு சங்கிலி தொங்கும். ஒரு முனை கேட்டில், மறுமுனை பக்கத்தில் நட்ட கம்பத்தில், நடுவில் பீரங்கிக் குண்டு மாதிரி ஓர் இரும்புக் குண்டு. கேட்டைத் தள்ளினால் சங்கிலி விறைத்துக் குண்டு மேலே வரும். கையை விட்டால் குண்டு இறங்கும், கேட்டு இழுத்துக்கொண்டு போய்ச் சாத்தும். நம்ம கிணற்றடித் துலாவில் கல்லைக் கட்டியிருக்கிறோமே, அதே வேலைதான்.

எனக்குப் பிடித்தது குண்டு இல்லை, குண்டு வந்த காரணம். அந்தக் காலத்து வர்ஜீனியாவில் மாட்டையும் பன்றியையும் அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். அது காட்டிலும் ஊரிலும் இஷ்டத்துக்குத் திரியும். வெள்ளாமையைக் காப்பாற்ற வேண்டியது வெள்ளாமைக்காரன் பொறுப்பு. ஒழுங்காக வேலி போடாதவன் மாடு மேய்ந்துவிட்டது என்று வழக்குப் போட்டால் எடுபடாது. நம்ம ஊரில் இதுக்குத் தலைகீழ். இங்கே வெள்ளைக்காரன் 1871ல் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று போட்டான். மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கலாம், மாட்டுக்காரன் தண்டம் கட்டி மீட்டுக்கொண்டு போக வேண்டும். அங்கே தோட்டத்துக்காரன் தூங்கக் கூடாது, இங்கே மாட்டுக்காரன் தூங்கக் கூடாது. அங்கே கேட்டுக்குக் குண்டு கட்டினான், இங்கே நாம் மாட்டுக்குக் கயிறு கட்டினோம். என் பாட்டுக்கு நான் சொல்கிறேன், ஆராய்ச்சிக்காரர்கள் அடிக்க வர வேண்டாம்.

எடையை வைத்துக் கதவை இழுக்கிற வேலை இன்னும் ரொம்பப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியாவில் ஹீரோன் என்று ஒரு கிரேக்கர் இருந்தார். காற்று, தண்ணீர், ஆவி இதை வைத்து எதையாவது தானாக ஓட வைப்பதே அவர் வேலை. அவர் எழுதி வைத்த ஒரு யோசனை இது. கோவில் முன்னால் பலிபீடத்தில் நெருப்பு மூட்டுகிறார்கள். அடியில் ஓர் உலோக உருண்டை, பாதி தண்ணீர். சூட்டில் காற்று விரிந்து, தண்ணீரைக் குழாய் வழியாக ஒரு தொங்கும் வாளிக்குத் தள்ளும். வாளி கனத்து இறங்கும். வாளிக் கயிறு கதவுக் குடுமிகளில் சுற்றியிருக்கிறது. கதவு திறக்கும். பூசாரி மந்திரம் சொன்னதால் திறந்த மாதிரி இருக்கும்.

திறந்ததைத்தான் எல்லாரும் பெரிசாகச் சொல்கிறார்கள். நான் கவனித்தது சாத்துகிறதை. நெருப்பு அணைந்து உருண்டை ஆறினால் காற்று சுருங்கும், வாளித் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும். வாளி எடை குறைந்ததும், எதிர்ப்பக்கம் கட்டியிருக்கிற எடைக்கல் இறங்கும், கதவு சாத்தும். கதவைச் சாத்த நெருப்பும் வேண்டாம் மந்திரமும் வேண்டாம், ஒரு கல்லு போதும்.

கல்லோ குண்டோ ஸ்பிரிங்கோ, எதை மாட்டினாலும் கதவு சாத்தும். ஆனால் மெதுவாகச் சாத்தாது. காரணம் எளிது. இழுக்கிற சக்தி கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. சரிவில் விட்ட டயர் வண்டி மாதிரி, கதவு வேகம் சேர்த்துக்கொண்டே வந்து நிலவில் அடிக்கும். எடை கம்மியாக வைத்தால் பாதியில் நின்றுவிடும், கூட வைத்தால் அடிக்கும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு அளவு கிடைத்தாலும் காற்றடிக்கிற ஆடியில் அது செல்லாது. என் மருமகன் விரலைப் பிடித்தது இதுதான்.

இதுக்கு ஒரு வழி கிடைக்க 19ஆம் நூற்றாண்டின் கடைசி வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் டிரினிட்டி என்று ஒரு பெரிய தேவாலயம், 1877ல் கட்டி முடித்தது. குளிர் ஊர். கதவு திறந்து கிடந்தால் உள்ளே உட்கார முடியாது. சாத்தினால் 'படார்'. பிரசங்கம் நடக்கிறபோது அந்தச் சத்தம் எப்படி இருக்கும்! லூயிஸ் நார்ட்டன் என்பவர் 1880 வாக்கில் அந்தக் கதவுகளுக்கு ஒரு கருவி செய்து மாட்டினார். ஸ்பிரிங் இழுக்கும், அதை ஒரு காற்றுக் குழாய் தடுக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், விரலிடுக்கில் காற்று கசியக் கசியத்தான் கைப்பிடி இறங்கும். அதேதான். இழுக்கிறது ஒன்று, பொறுத்துப் போ என்று பிடிக்கிறது இன்னொன்று. அவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்து எல்.சி.என். என்று இன்னைக்கும் கதவுக் கருவிகள் வருகிறது.

காற்றுக்குப் பதில் எண்ணெய் வந்த பிறகுதான் இப்போது பேங்க் கதவின் தலையில் பார்க்கிற அந்தப் பெட்டி. உள்ளே ஒரு முறுக்கு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், எண்ணெய், எண்ணெய் போக ஊசித்துளை. பைக்கின் ஷாக் அப்சார்பரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் ரெண்டு திருகு இருக்கும். ஒன்று கதவு வருகிற வேகத்துக்கு, இன்னொன்று கடைசி நாலு விரற்கடை தூரத்துக்கு. அந்தக் கடைசித் தூரத்தில்தான் நாக்கு போய் நிலவில் விழ வேண்டும், அதனால் அதை மட்டும் தனியாக வைத்திருக்கிறார்கள். இடமிருந்து வலமாக முடுக்கினால் மெதுவாகும். இன்னும் இன்னும் என்று வெளியே திருகினால் எண்ணெய் ஒழுகிப் பெட்டி வீணாகிவிடும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீங்க.

இனி கொசுவுக்கு வருகிறேன். எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்பதற்கு முதல் சாட்சியை 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார். எல்லாருக்கும் தெரிந்த கதை. அதுக்கு முன்னால் அவர் நம்ம நீலகிரிக்கும் வந்தார். ஊட்டிக்குக் கீழே சீகூர்ப் பள்ளத்தாக்கில் காய்ச்சல் அதிகம் என்று ஆராயப் போய், அவரே மலேரியாவில் படுத்தார். 

ராஸ் சொன்னதை உலகம் உடனே நம்பிவிடவில்லை. கெட்ட காற்று, சதுப்பு நிலத்து ஆவி என்றுதான் அப்போதும் பேச்சு. 1900ல் லண்டனில் இருந்த பாட்ரிக் மான்சன், ராஸுக்கு வழி காட்டியவர், ஒரு சோதனை வைத்தார். ரோம் நகரத்துக்கு வெளியே ஓஸ்தியா பக்கம் இத்தாலியிலேயே மோசமான காய்ச்சல் பூமி. அங்கே ஒரு மரக் குடிசை, கதவு சன்னல் எல்லாத்துக்கும் கம்பி வலை. சாம்பன், லோ என்ற ரெண்டு டாக்டர்கள் இன்னும் சிலரோடு அந்தக் காய்ச்சல் பருவம் முழுக்க அதில் குடியிருந்தார்கள். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதே காற்று, அதே சதுப்பு. பொழுது விழுகிறதுக்குள் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும், விடிந்துதான் வெளியே. கொயினா கிடையாது. ஒருத்தருக்கும் மலேரியா வரவில்லை. அதே வருசம் இத்தாலியில் இருந்து நோய்க் கொசுக்களை லண்டனுக்குக் கொண்டுவந்து மான்சன் தன் சொந்த மகனையே கடிக்க விட்டார். பையனுக்கு மலேரியா வந்தது. பிழைத்துக்கொண்டார். அந்த அப்பன் எப்படி உட்கார்ந்திருந்திருப்பான் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

அதே காலத்தில் இத்தாலியின் தெற்கே கபாச்சோ சமவெளியில் கிராஸி என்ற விஞ்ஞானி ரயில்வேக்காரர்கள் குடும்பங்களை வைத்து இதையே பெரிசாகச் செய்தார். வலை போட்ட வீடுகளில் 112 பேர். அதில் காய்ச்சல் வந்தது 5 பேருக்கு. வலையில்லாமல் இருந்த 415 பேரில் ஏறக்குறைய எல்லாருக்கும் வந்தது. ஒரு கம்பி வலையும் ஒழுங்காகச் சாத்திய கதவும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு பனாமா கால்வாய். பிரெஞ்சுக்காரர்கள் வெட்டப் போய் ஆயிரக்கணக்கில் செத்து, விட்டுவிட்டு வந்த வேலையை 1904ல் அமெரிக்கர்கள் எடுத்தார்கள். கார்காஸ் என்ற ராணுவ டாக்டர் தண்ணீர்த் தொட்டிகளை மூடி, குட்டைகளில் எண்ணெய் விட்டு, வீடுகளுக்கு வலையடித்து, மஞ்சள் காய்ச்சலை ரெண்டே வருசத்தில் அடக்கினார். ஆனால் அதிலும் ஒரு பாகுபாடு. வலையடித்த நல்ல வீடுகள் வெள்ளை ஊழியர்களுக்கு. மண்ணு வெட்டிய கறுப்புத் தொழிலாளிகள், பார்படோஸ் மாதிரித் தீவுகளில் இருந்து வந்தவர்கள், பலர் வலையில்லாத குடிசைகளில்தான் கிடந்தார்கள். சாவும் அங்கேதான் அதிகம்.

இந்தச் சோதனை எல்லாத்தையும் படிக்கிறபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஓஸ்தியாக் குடிசையில் இருந்தவர்கள் படித்த டாக்டர்கள், ஒரே நோக்கத்தோடு போனவர்கள். பொழுது விழுந்தால் கதவு ஞாபகம்தான். நம்ம வீடு அப்படியா? பால் கறக்க வேண்டும், பம்பு செட்டைப் போட வேண்டும், வாசலில் யாரோ கூப்பிடுவார்கள். ஞாபகத்தை நம்பி வலைக்கதவு போட்டால் அது சன்னல் திரை மாதிரி அழகுக்குத்தான். அவர்கள் ஞாபகம் செய்த வேலையை நம்ம வீட்டில் ஏதாவது ஒரு சாமான்தான் செய்ய வேண்டும்.

சாத்துவதே குறியாக இருந்தாலும் ஆபத்து என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1888ல் பிலடெல்பியாவில் வான் கானல் என்பவர் சுழல் கதவுக்குக் காப்புரிமை வாங்கினார். மூணு இறக்கை, எப்போது பார்த்தாலும் சாத்தியே இருக்கும், குளிர் உள்ளே வராது. 1942 நவம்பரில் பாஸ்டனில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி தீப்பிடித்தபோது கூட்டம் முன்வாசல் சுழல் கதவை ரெண்டு பக்கமும் தள்ளி, அது அசையாமல் நின்றுவிட்டது. வேறு கதவுகளில் சிலது பூட்டிக் கிடந்தது, சிலது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. 492 பேர் செத்தார்கள். அதுக்குப் பிறகு அங்கே சுழல் கதவு வைத்தால் பக்கத்தில் வெளிப்புறம் திறக்கிற சாதாரணக் கதவும் வைக்க வேண்டும் என்று விதி வந்தது. இதைப் படித்த அன்னைக்கே எங்க பொடக்காளிக் கதவின் வெளிக்கொண்டியைக் கழற்றிவிட்டேன்.

இப்போது எங்க வீட்டு நிலவரம். முன்வாசல் வலைக்கதவுக்கு எண்ணெய்ப் பெட்டி போட்டிருக்கிறேன். "பெரிய சைஸ் வேண்டாங்க, வலைக்கதவுச் சட்டம் முறுக்கிக்கும்" என்று கடைக்காரர் சொன்னதால் இருக்கிறதிலேயே சின்னது. பொடக்காளிக்குக் காற்றுக் குழாய் மாதிரி ஒல்லியானது. ரெண்டும் ஆளு உள்ளே போய் அஞ்சாறு எண்ணுகிறதுக்குள் சத்தமில்லாமல் சாத்துகிறது.

ஆனால் ஒன்றை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். எந்தப் பெட்டி போட்டாலும் கீல் பக்கத்து இடுக்கு அப்படியேதான் இருக்கும். பாக்குவெட்டியில் பாக்கை நுனியில் வைத்தால் வெட்டாது, ஆணிக்குப் பக்கத்தில் வைத்தால் நறுக்கென்று போகும் இல்லையா, கதவும் அப்படித்தான். மெதுவாக வந்தாலும் அந்த இடுக்கில் விரல் இருந்தால் நசுக்கிவிடும். நான் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாகக் கிழித்து, கதவுக்கும் நிலவுக்கும் குறுக்கே மேலிருந்து கீழே வரை ஆணியடித்துவிட்டேன். இப்போது அதுக்குள் விரல் போகாது. பார்க்க லட்சணமாக இல்லை என்று வீட்டம்மா சொன்னாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. கதவெல்லாம் போட்டு முடித்த பிறகும் வீட்டுக்குள் கொசு. தேடிப் பார்த்தால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டில் புழு நெளிகிறது. கதவைச் சாத்தி நாமே உள்ளே வளர்த்திருக்கிறோம். வாரம் ஒரு தடவை அந்தத் தட்டைக் கவிழ்க்கிற பொறுப்பை இப்போது சின்னவளே எடுத்துக்கொண்டாள்.

சித்திரையில் தங்கச்சி மறுபடி வந்தாள். பையன் வாசலில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளே வரவில்லை. நான் திறந்து பிடித்துக்கொண்டு, "விடட்டுமா?" என்று கேட்டேன். கையை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தலையாட்டினான். விட்டேன். கதவு மெல்ல வந்து 'டொக்' என்று உட்கார்ந்தது. "இன்னொருக்கா, மாமா" என்றான். அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு அதுதான் வேலை.

அம்மாவுக்கு மட்டும் இந்தக் கதவு பிடிக்கவில்லை. தினமும் காலையில் பத்து மணிக்கு வடகம் காய வைக்கப் போகும்போது பொடக்காளிக் கதவுக்கு அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். நான் எடுத்து வைக்கிறேன், மறுபடி வைக்கிறார்.